மலைவாழையின் உள்வழி

உறுப்புகளின் ஊர் – 9

சென்ற வாரம் கொடைக்கானல் ஏரிக்கு மேலே இருக்கும் சோலை மரங்களோடு நின்றோம். இந்த வாரம் கீழே இறங்குவோம். 7,000 அடிக் குளிரில் வாழை தழைக்காது. அதற்கு வீடு கீழ்ப்பழனி மலை. பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் சாலையில் பெரும்பாறை, தடியன்குடிசை, மங்களம்கொம்பு என்று ஊர்கள் வரிசையாக வரும். அந்தச் சரிவுகளில், 2,000 அடியிலிருந்து 5,000 அடிவரை, காப்பிச் செடிகளுக்கு நடுவே, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்துக்குப் பக்கத்தில், பாசனம் இல்லாமல் மழையை மட்டும் நம்பி நிற்கிறது மலைவாழை. விருப்பாச்சி, சிறுமலை என்ற இரண்டும் அதில் பேர்பெற்ற ரகங்கள்.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சிப் பழத்தைத்தான் தேடுவார்கள். அதில் நீர்ச்சத்து குறைவு. பிசைந்தாலும் நீர்விடாது. நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சையோடு சேர்ந்து கெட்டியாக நிற்கும். நாள்பட இருந்தாலும் கெடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காத பிரசாதத்துக்கு இந்தப் பழம் பொருந்திப்போனது அதனால்தான். விருப்பாச்சி, சிறுமலை இரண்டு வாழைகளுக்கும் 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்தது. ஆனால் வாழைக்குக் குறியீடு கிடைத்த காலத்தில் மலையில் வாழையே அரிதாகிவிட்டிருந்தது. 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதாக வேளாண் துறையினர் கணக்குச் சொல்கிறார்கள். சுருக்கியதில் பெரும்பங்கு ஒரு வைரஸுக்கு உண்டு.

உறுப்புகளும் திசுக்களும் ஒன்றுக்கொன்று எப்படி உழைக்கின்றன என்று சொல்லிக்கொண்டு வரும் இந்தத் தொடரில் மலைவாழைக்கு ஒரு வாரம் ஒதுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. வாழையின் உள்ளமைப்பைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டாம், ஓர் அரிவாள் போதும். அதோடு, அந்த உழைப்பு உள்ளே குலைந்தால் வெளியே என்ன நடக்கும் என்பதை இந்த மலை ஒரு தலைமுறைக் காலம் பார்த்துவிட்டது.

தோட்டத்தில் 10, 15 அடி உயரத்துக்கு நிற்கும் தூணைத் தண்டு என்று நினைக்கிறோம். அது முழுக்க இலை. ஒவ்வோர் இலையின் அடிப்பாகமும் அகன்று மட்டையாகி, ஒன்றை ஒன்று தழுவிச் சுருண்டு அந்தத் தூணாக நிற்கிறது. ஒரு மட்டையைக் குறுக்கே வெட்டினால் தேன்கூடு மாதிரி காற்றறைகள் தெரியும். அறைகளைப் பிரிக்கும் மெல்லிய சுவர்களுக்குள் நரம்புகள் ஓடுகின்றன. நரம்புகளை அணைத்தபடி கெட்டியான நார்க்கற்றைகள் இருக்கின்றன. பூ தொடுக்க நாம் கிழித்தெடுக்கும் வாழைநார் அதுதான். வெளிப்புறம் மெழுகு பூசிய தோல். காற்றை அடைத்த திசு எடையைக் குறைக்கிறது, நார்த் திசு நிமிர்த்துகிறது, தோல் நீரைக் காக்கிறது, குழாய்த் திசு சரக்குக் கொண்டுபோகிறது. இதில் ஒன்றைக் கழற்றிவிட்டால் மட்டை நிற்காது. மரக்கட்டை என்பதே உடம்பில் இல்லாத ஒரு செடி இத்தனை உயரம் போவது இந்தக் கூட்டணியால்தான்.

உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கிறது. கிழங்கு என்று நாம் சொல்வது அதைத்தான். அதன் தலையில், தரைமட்டத்தை ஒட்டி, மட்டைகளுக்குள் புதைந்து கிடக்கிறது வளர்நுனி. இலை எல்லாம் அங்கே பிறந்து, தூணின் நடுவழியே சுருண்டபடி ஏறி, உச்சியில் வந்து விரிகிறது. இளவாழையைப் பாதியில் வெட்டிப்போட்டால் நடுக்குருத்து சில மணி நேரத்திலேயே மேலே தள்ளிக்கொண்டு வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். வெட்டு விழுந்தது மேலே. உயிர்முனை கீழே பத்திரமாக இருக்கிறது.

முப்பது, நாற்பது இலைகளைப் போட்ட பிறகு அந்த நுனி இலை போடுவதை நிறுத்திப் பூவாக மாறுகிறது. வெளியே நிற்பவருக்கு அந்த நாள் தெரியாது. அதன்பிறகுதான் தண்டு கிழங்கிலிருந்து எழுந்து, மட்டைகளின் மையத்தைத் துளைத்துக்கொண்டு, பூவைத் தலையில் ஏந்தி வெளியே வருகிறது. நாம் பொரியலுக்கு நறுக்கும் வாழைத்தண்டு அந்த எழுந்த தண்டு. இனி அந்த வாழைக்குப் புது இலை கிடையாது. கையிலிருக்கும் இலைகளை வைத்துத்தான் தார் முழுவதையும் திரட்ட வேண்டும். பூத்தள்ளும் நேரத்தில் எட்டு இலையாவது நன்றாக இருந்தால்தான் கடைசிச் சீப்புவரை காய் பருக்கும். இலைப்புள்ளி நோய் வந்த தோட்டத்தில் காய் தேறாமல் போவதற்கும் இந்தக் கணக்குத்தான் காரணம்.

இலைக்கும் காய்க்கும் நடுவே என்ன ஓடுகிறது? இரண்டு குழாய்த் தொகுதிகள். வேரிலிருந்து நீரையும் உப்புகளையும் மேலே கொண்டுவருவது சைலம். வாழைத்தண்டை வட்டமாக நறுக்கும்போது விரலில் சுற்றிக்கொள்ளும் சிலந்தி இழை போன்ற நார், சைலக் குழாயின் உட்சுவரில் சுருள் சுருளாக இருந்து குழாயை ஒடுங்காமல் தாங்கிய சட்டம். நீரை இழுக்கும்போது அந்தக் குழாய்க்குள் அத்தனை இறுக்கம். இலைத்துளை வழியே நீராவி போகப் போக, கீழே உள்ள நீர் அறுபடாத இழையாக மேலேறுகிறது என்று டப்ளின் நகரத்து டிக்சனும் ஜாலியும் 1894-ல் சொன்னார்கள். நம் ஜகதீஷ் சந்திர போஸ் உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று வாதாடி 1923-ல் ஒரு புத்தகமே எழுதினார். அறிவியல் உலகம் டிக்சன் பக்கம் நின்றது. செடியைத் துடிப்புள்ள உயிராகப் பார்க்க வேண்டும் என்று போஸ் காட்டிய பிடிவாதத்தின் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஆனால் இந்த வழக்கில் சான்றுகள் அவர் பக்கம் இல்லை.

உச்சிவெயிலில் வாழையிலையின் இரண்டு பாதியும் நடுநரம்பிலிருந்து கீழ்நோக்கி மடங்கித் தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். நடுநரம்பின் இருபுறமும் ஓடும் மெல்லிய பட்டையில் உள்ள செல்கள் நீரை இழந்து தளர்வதால் அது நடக்கிறது. வேரால் கொடுக்க முடிவதைவிட அதிகமாக இலை செலவழிக்கும்போது, இலையே தன்னை மடக்கிக்கொள்கிறது. இரவில் நிலைமை தலைகீழ். காற்று ஈரமாக இருந்து நீராவி போகாத நேரத்தில் வேர் அழுத்தித் தள்ளும் நீர், விடியற்காலையில் இலை விளிம்பில் துளியாக நிற்கும். அதைப் பனி என்று நினைக்கிறோம். அதில் பாதிக்கு மேல் வாழையே உள்ளிருந்து விட்ட நீராக இருக்கும் நாட்களும் உண்டு.

இரண்டாவது குழாய் ஃபுளோயம். இலை சமைத்த சர்க்கரையைக் காய்க்கும் கிழங்குக்கும் வேருக்கும் கன்றுக்கும் எடுத்துப்போவது இது. இதன் குழாய்ச் செல்களின் கதை எனக்கு எப்போதும் வியப்பு. சரக்குக்கு வழிவிட அவை தம் உட்கருவையே இழந்துவிடுகின்றன. உட்கரு இல்லாத செல் தனியாகப் பிழைக்க முடியாது. ஒட்டி நிற்கும் துணைச்செல்தான் அதற்குத் தேவையான புரதங்களைச் செய்து நுண்துளைகள் வழியே ஊட்டுகிறது. இரண்டு செல்கள் சேர்ந்து ஒரு வேலை. இலைப்பக்கம் சர்க்கரை ஏற்றப்படும்போது நீர் உள்ளே புகுந்து அழுத்தம் கூடும். காய்ப்பக்கம் சர்க்கரை இறக்கப்படும்போது அழுத்தம் குறையும். இந்த வேறுபாட்டில் சாறு ஓடும். ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் மூன்ஷ் 1930-ல் முழுமையாக எழுதிய விளக்கம் இது. பழத்தோலை உரிக்கும்போது கூடவே நீளமாக வருகிற நார், அந்தக் குழாய்கள் இலையிலிருந்து வந்து சேர்ந்த கடைசி இடம்.

இந்தப் பாதை ஒரு செடியோடு முடிவதில்லை. தாய்க்கிழங்கின் பக்கத்தில் மொட்டு விட்டு எழும் கன்றும் அதே குழாய்களோடு இணைந்திருக்கிறது. நடுவதற்குக் கன்று எடுப்பவர்கள் இலை குறுகி, வாள்போல் நிமிர்ந்த ஈட்டிக்கன்றைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். சின்ன வயதிலேயே அகன்ற இலை விரித்த நீர்க்கன்றை ஒதுக்கிவிடுவார்கள். பார்வைக்கு நீர்க்கன்றே செழிப்பாகத் தெரியும். ஆனால் ஈட்டிக்கன்று தாயோடு உறுதியாக இணைந்து, தாய் அனுப்பும் உணவில் கிழங்கைப் பெருக்கிக்கொள்கிறது. அதற்கு இலையை அகல விரிக்கும் அவசரம் இல்லை. நீர்க்கன்றுக்குத் தாயோடு பிணைப்பு மெலிவு. தன் சோற்றைத் தானே சமைக்க வேண்டியிருப்பதால் இலையை விரிக்கிறது, கிழங்கு மெலிந்துபோகிறது. பாடப்புத்தகம் எழுதப்படுவதற்கு முன்பே இலையின் அகலத்தை வைத்து மண்ணுக்குள் இருக்கும் பிணைப்பைக் கணித்த விவசாயிகளின் அறிவு இது. கீழ்ப்பழனி மலையில் ஒருமுறை நட்ட வாழை பல ஆண்டுகள் கட்டையாகத் தொடர்ந்து தார் தந்ததும் இந்தப் பிணைப்பால்தான்.

வைரஸ் நுழைந்தது இதே பாதையில்.

முடிக்கொத்து நோய் என்று பெயர். 1889-ல் பிஜித் தீவில் முதலில் பதிவானது. 1913-ல் இலங்கையில் தெரிந்தது. அங்கிருந்து 1940 வாக்கில் திருவிதாங்கூருக்கு வந்து, பிறகு மலையேறியது என்று கருதப்படுகிறது. 1920-களில் ஆஸ்திரேலியத் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தபோது மேகி என்ற ஆய்வாளர், இது வைரஸ் நோய், பரப்புவது வாழை அசுவினி என்று நிறுவினார். கருப்பும் பழுப்புமாக, மட்டையின் அடி இடுக்கில் கூட்டமாக ஒட்டியிருக்கும் சின்னப் பூச்சி அது. எறும்புகள் அதைக் காவல் காக்கும். காரணம் அதன் தேன்கழிவு. ஃபுளோயத்தின் அழுத்தம் சாற்றைத் தானாகவே பூச்சியின் ஊசிவாய்க்குள் தள்ளுகிறது. தேவைக்கு மேல் வரும் சர்க்கரை கழிவாகச் சொட்டுகிறது. நோயுற்ற செடியில் சில மணி நேரம் உறிஞ்சினால் போதும், வைரஸ் பூச்சியின் உடலுக்குள் போய் எச்சில் சுரப்பியில் சேர்ந்து, அதன் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். அடுத்த செடியில் ஊசி இறங்கும்போது வைரஸ் நேராக ஃபுளோயத்தில் இறங்குகிறது.

பிறகு நடப்பதைக் கவனியுங்கள். வைரஸுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. சர்க்கரை ஓடும் திசையில் அதுவும் போகிறது. இலையிலிருந்து மட்டை வழியாகக் கிழங்குக்கு, கிழங்கிலிருந்து வேருக்கு, வளர்நுனியை ஒட்டிப் பிறக்கும் புது இலைகளுக்கு, பக்கத்துக் கன்றுக்கு. ஏற்கெனவே விரிந்த பழைய இலைகளில் அடையாளம் எதுவும் தெரியாது. நோய் தொற்றிய பிறகு பிறக்கும் இலைகளில்தான் தெரியும். நரம்பை ஒட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக இருக்கும். மோர்ஸ் தந்திக் குறி என்றே ஆய்வாளர்கள் எழுதுவார்கள். ஃபுளோயத்தைச் சுற்றியுள்ள செல்களில் இருக்கக்கூடாத அளவுக்குப் பசுங்கணிகங்கள் குவிவதால் அந்தக் கரும்பச்சை வருகிறது. குழாயைச் சூழ்ந்து நிற்க வேண்டிய செல், தன் வேலையை மறந்து இலைச்செல் போல நடந்துகொள்கிறது என்று அதைப் படிக்கலாம். அடுத்தடுத்த இலைகள் குட்டையாகி, விறைத்து நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கிவிடும். முன்பே தொற்றிய செடி தார் போடாது. மண்ணுக்குள் கன்று மட்டும் பிறந்துகொண்டிருக்கும், ஒவ்வொன்றும் நோயோடு. வாழையடி வாழையாக வருவது வம்சம் மட்டும் இல்லை என்பதை மலைக்காரர்கள் அப்படித்தான் கண்டார்கள். நோய் தெரியாத இளங்கன்றைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்தபோது, அன்போடு சேர்ந்து அதுவும் போனது.

இந்த வைரஸின் அமைப்பும் நம் தலைப்புக்குள் வருகிறது. அதன் மரபுப்பொருள் ஒரே இழையாக இல்லை. ஆறு சின்ன வளையங்களாகப் பிரிந்து, தனித்தனி உறைக்குள் கிடக்கிறது. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு வேலை. இந்தக் குடும்பத்திலேயே ஃபாபா அவரையைத் தாக்கும் உறவுக்கார வைரஸுக்கு எட்டு வளையங்கள். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2019-ல் அதைச் சோதித்தபோது, எட்டும் ஒரே செல்லில் கூட வேண்டிய கட்டாயம் இல்லை என்று தெரிந்தது. ஒரு வளையம் ஒரு செல்லிலும் இன்னொன்று பக்கத்துச் செல்லிலும் இருந்துகொண்டு, செய்த புரதங்களைப் பகிர்ந்து பிழைக்கின்றன. செல்லே இல்லாத ஒரு பொருள், பல செல்களில் பரந்து ஒரே உடல்போல இயங்குகிறது! செடி தன் செல்களுக்கிடையே திறந்து வைத்த வழிகள் இல்லையென்றால் இது நடக்காது.

சரி, இந்தப் பாதை எட்டாத இடம் செடியில் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. வளர்நுனியின் உச்சியில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒரு குவிமாடம். ஆக்குத்திசு. அங்கே செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. எது குழாய், எது நார், எது தோல் என்று இன்னும் முடிவாகவில்லை. குழாய்கள் அந்த முனைவரை கட்டப்படவில்லை. அதனால் உடம்பு முழுக்க வைரஸ் பரவிய செடியிலும் அந்த முனை பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். பிரான்ஸில் ஜார்ஜ் மோரெல், கிளாட் மார்ட்டின் என்ற இருவர் 1952-ல் டாலியாச் செடியின் அந்த முனையை மட்டும் வெட்டி வளர்த்து, நோயுற்ற செடியிலிருந்து நோயற்ற செடியை எடுத்துக் காட்டினார்கள். மலைவாழையை மீட்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் எடுத்த முயற்சிகளின் அடிப்படை, திசு வளர்ப்பு என்ற அந்த வழிதான். பல்கலைக்கழகத்துக்குத் தடியன்குடிசையிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

திசு வளர்ப்புப் புட்டிக்குள் நடப்பது, ஒரு செடியின் உறுப்புகள் சாதாரணமாகத் தங்களுக்குள் செய்துகொள்ளும் பேச்சை மனிதர் நடத்திவைப்பது. முழுச்செடியில் நுனியிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்குகிறது. வேரிலிருந்து சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் மேலே வருகிறது. இரண்டின் விகிதம்தான் எங்கே வேர், எங்கே தளிர் என்று தீர்மானிக்கிறது. ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் 1957-ல் புகையிலைத் திசுவில் இதைக் காட்டினார்கள். புட்டியில் இருக்கும் முனைக்கு வேரும் கிடையாது, இலையும் கிடையாது. ஆகவே இலை தர வேண்டிய சர்க்கரையை நாம் கரைத்து வைக்கிறோம். சைட்டோகைனினைக் கூட்டினால் தளிர்கள் பெருகுகின்றன, ஆக்சினைக் கூட்டினால் வேர் விடுகிறது.

வேரும் இலையும் வந்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. புட்டியின் ஈரத்தில் வளர்ந்த இலைக்கு மெழுகுப்பூச்சு மெல்லியது. அதன் இலைத்துளைகளுக்குச் சரியாக மூடத் தெரியாது. வேருக்கு மண்ணில் நீரெடுத்துப் பழக்கமில்லை. நேராக மலைச்சரிவில் நட்டால் சில மணி நேரத்தில் வாடிவிடும். நிழல்வலைக் கூடத்தில் வாரக்கணக்கில் வைத்து, ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்குகிறார்கள். உறுப்புகள் எல்லாம் இருந்தும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கக் கற்றுக்கொள்ளும் காலம் அது. நாற்று வாங்குபவர்கள் இந்தப் படியைத் தாண்டிய நாற்றுத்தானா என்று கேட்டே ஆக வேண்டும். வைரஸ் பரிசோதனை செய்த தாய்ச்செடியிலிருந்து வந்ததா என்பதும் முக்கியம். திசு வளர்ப்பு என்ற பெயர் மட்டும் நோயைத் தடுத்துவிடாது. பெரிய துண்டாக வெட்டிய நுனியில் குழாயும் இருக்கும், குழாயில் வைரஸும் இருக்கலாம்.

இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது ஒன்று. சுத்தமான நாற்றுக்கு எதிர்ப்புச்சக்தி கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் முடிக்கொத்து கண்ட ஒரு வாழை நின்றால் போதும். அசுவினிக்குச் சிறகு முளைக்கும் காலத்தில் நோய் வேலியைத் தாண்டிவிடும். நோய்கண்ட வாழையின் தலையை மட்டும் வெட்டிப்போடுவதில் பயனில்லை. கிழங்கு உயிரோடிருக்கும், கன்றுகள் எழும். முதலில் அசுவினியைக் கொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சாயும் செடியை விட்டு அவை அடுத்த செடிக்குப் போகும். பிறகு கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும், அல்லது தூணுக்குள் களைக்கொல்லியை ஊசிமூலம் செலுத்த வேண்டும். அந்த மருந்தும் வைரஸ் போன அதே குழாய்களில் இறங்கி, கிழங்கையும் ஒட்டியிருக்கும் கன்றுகளையும் சேர்த்துக் கொல்கிறது. தார் போடும் நிலையில் இருக்கிற ஒரு கட்டையை அதன் கன்றுகளோடு அழிக்க யாருக்கும் மனம் வராது. காப்பி விலை விழுந்த வருஷத்தில் வீட்டுச் செலவுக்குக் கைகொடுத்தது அந்த வாழையாக இருக்கும். அதனால் அழிப்பதற்கு இழப்பீடும், அதே பருவத்தில் பரிசோதித்த நாற்றும், ஒரு தோட்டத்துக்கு என்று இல்லாமல் ஒரு சரிவு முழுமைக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். தனித்தனியாகக் கொடுக்கும் நாற்று மறுபடி நோய்க்கே தீனியாகும்.

அடுத்த வாரம் மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் ஏறி, மலைப்பூண்டைத் தோண்டிப் பார்ப்போம். வாழை தன் இலையடியைத் தூணாக்கியது. பூண்டு அதே இலைப்பகுதியைக் களஞ்சியமாக்கிய விதம் வேறு.

(தொடரும்)